இருபத்திரண்டாம் நம்பர் மெஷின்

காலை டீ முடிந்து ஹாலில் இருந்த தையல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கிய நேரத்தில், அர்த்தநாரியின் நெஞ்சில் ஒரு துடிப்பு வராமல் போனது.

வலி என்று சொல்ல முடியாது. கிணற்றில் இறைத்துக்கொண்டிருக்கும்போது கயிறு கையிலிருந்து ஒரு முழம் நழுவினால் எப்படி இருக்குமோ, அப்படி உள்ளே எதுவோ நழுவியது. அடுத்த நொடி, விட்டதற்கும் சேர்த்து ஒரே ஒரு பலத்த அடி. தொண்டைக்குழி வரை வந்து முட்டிவிட்டு இறங்கியது. கையிலிருந்த உற்பத்தி அட்டையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு அவன் இருமினான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது; ட்யூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதந்தது; சாயத்துணியின் புளித்த வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் ஈரத்தில் கனத்துப்போய்த் தரையோடு தரையாகக் கிடந்தன. எல்லாம் எப்போதும்போலத்தான்.

ஒன்றைத் தவிர. அந்தத் துடிப்பு விட்ட நொடியில், ஹாலின் அத்தனை மெஷின்களும் ஒருசேர நின்று மறுபடி ஓடின.

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்த அந்த பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவன் இந்தச் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறான். இதில் கடைசி எட்டு வருஷம் சூப்பர்வைசர். இத்தனை பேர் ஒரே நொடியில் பெடலிலிருந்து காலை எடுப்பது என்பது நடக்காத காரியம். அவன் நிமிர்ந்து பார்த்தான். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. இரண்டாவது வரிசையில் நதியா மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து மெஷின், இருபத்திரண்டாம் நம்பர், துணி போர்த்திக் கிடந்தது. பதினோரு நாளாக அதில் யாரும் உட்காரவில்லை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

அந்த மெஷின் செல்லத்தாயுடையது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பத்தொரு வயது. துணி ஓரத்தைப் பின்னித் தைக்கிற ஓவர்லாக் அடிப்பதில் அவள் வேகத்துக்கு அந்த ஹாலில் ஆள் கிடையாது. புருஷன் மூக்கையா சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். அவள் மூன்று தடவை அர்த்தநாரியின் மேஜைக்கு வந்திருந்தாள்.

முதல் தடவை சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சார், நெஞ்சு ஒரு நிமிசம் நிக்குத மாதிரி இருக்கு. பெறவு தவதவன்னு கெடந்து அடிக்கி."

"கேஸ் புள்ள. டீயக் கொறைச்சுட்டு ஒரு சோடா வாங்கிக் குடி" என்றான்.

அடுத்த வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டு, எழுந்து வந்தாள். "தலை கிறுகிறுங்குது சார். எங்க அண்ணனும் இப்பிடித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சான். இருவத்தாறு வயசுல போயிட்டான். ஒரு நா லீவு குடுங்க, ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துருதேன்."

"ஷிப்மென்ட் முடியட்டும்."

மூன்றாவது தடவை சாயங்காலம் நாலு மணி. கேட் பாஸ் கேட்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "கண்ணு இருட்டிக்கிட்டு வருது சார்" என்றாள். அவளிடம் இன்னும் நூற்றெண்பது பீஸ் பாக்கி இருந்தது. அவளை விட்டால் இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் எல்லோர் காதிலும் விழுகிறமாதிரி உரக்கச் சொன்னான். "நடிக்காத. அடிச்சு முடிச்சுட்டுப் போ."

அவள் போய் உட்கார்ந்தாள். அதற்குப்பின் இரண்டு தடவை அவன் அந்த வரிசையைக் கடந்தான். இருபத்திரண்டாம் நம்பர் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஐந்தரை மணிக்கு நதியா அவள் தோளைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். செல்லத்தாயின் தலை மேஜையில் சாய்ந்திருந்தது. உடம்பின் பாரமெல்லாம் காலில் இறங்கிப் பெடலை அமுக்கிக்கொண்டிருந்தது. ஊசிக்கடியில் துணி இல்லை. துணியில்லாமல் ஓடிய ஓவர்லாக், நூலை மட்டும் சடைசடையாகப் பின்னிக் கீழே தள்ளி, அவள் பாதத்தின்மேல் ஒரு கூடை அளவுக்கு வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தது. அவள் உயிர் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதை அந்தக் குவியலைப் பார்த்தே யாரும் சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் மூக்கையா கேட்டான். "அவ ஒண்ணுமே சொல்லலியா சார்?"

"ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. சொல்லியிருந்தா நானே வண்டி வெச்சு அனுப்பியிருப்பேனே."

மூக்கையா கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் நதியா நின்றிருந்தாள்.

அன்று காலை ஒரு துடிப்பு விட்டதோடு அது நிற்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் ஓய்ந்தபோது மறுபடி நழுவியது. மாலையில் இரண்டு தடவை. அர்த்தநாரி டீயைக் குறைத்தான். சோடா வாங்கிக் குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே இது யாருக்குச் சொன்ன வைத்தியம் என்று நினைவுக்கு வந்து, பாதியில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தான். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது நெஞ்சு ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை விட்டுவிட்டு அல்ல. ஒரே சீராக, வேகமாக, இடைவெளியே இல்லாமல். எண்ணிப் பார்க்க முயன்றான். எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. மனிதத் துடிப்பின் வேகம் இல்லை அது. அந்த வேகம் அவனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிற வேகம்.

"ஏனுங்க, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்திருக்குது?" என்றாள் மனைவி குழந்தையம்மாள்.

"ஒண்ணுமில்ல. காரம் ஜாஸ்தி."

சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான். இரண்டு மணிக்குத் தொடங்கியது இரண்டு இருபதுக்குச் சட்டென்று நின்றது, யாரோ பெடலிலிருந்து காலை எடுத்ததுபோல.

திங்கட்கிழமை காலை கம்பெனி எலக்ட்ரீஷியன் நல்லான் தலையைச் சொறிந்துகொண்டு மேஜைக்கு வந்தான். "நேத்து லைன் டெஸ்ட் பண்ணலாம்னு மெயினைப் போட்டனுங்க. இருவத்திரண்டு மட்டும் தானா ஓடுச்சுங்க. பெடல் கீழ அமுங்கியே கெடந்துது. நானும் நின்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு இருவது நிமிஷம் கழிச்சு அதுவாவே மேல எந்திரிச்சுக்குச்சு."

"ஸ்பிரிங் போயிருக்கும். மாத்து."

"ஸ்பிரிங் நல்லாத்தானுங்க இருக்குது."

அர்த்தநாரி கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். "எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணி இருக்குமுங்க."

அன்று சாயங்காலமே டாக்டர் சித்ராதேவியின் கிளினிக்குக்குப் போனான். நனைந்த குடைகளும் டெட்டால் வாடையுமாக இருந்த சின்ன அறை. அந்தம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். டீ எத்தனை? எட்டு, பத்து ஆகுமுங்க. தூக்கம்? இல்லீங்க. சிகரெட்? விட்டுட்டனுங்க.

"எப்பவாவது ஒண்ணு ரெண்டு துடிப்பு விட்டு அடிக்கறது நிறையப் பேருக்கு வர்றதுதானுங்க" என்றார். "டீ அதிகமானா வரும், தூங்காட்டி வரும், பயந்தா வரும், ரத்தம் கம்மியா இருந்தாலும் வரும். முக்காவாசி ஆபத்தில்லாததுதான். ஆனா இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் எதையும் மறைக்காமச் சொல்லோணும். அது வர்றப்ப தலை சுத்துதுங்களா?"

தலை கிறுகிறுங்குது சார்.

"படியேறுறப்ப, வேலை செய்யறப்ப அதிகமாகுதுங்களா? கண்ணு இருட்டிட்டு வருதுங்களா?"

கண்ணு இருட்டிக்கிட்டு வருது சார்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில்களை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். அவனுடைய மேஜைக்கே வந்து, கேட்காமலே, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஒருத்தி வாய் திறந்து சொன்ன எல்லாமே ஒரு டாக்டர் தேடித்தேடிக் கேட்கிற விஷயங்களாக இருந்தன என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

"உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறியிருக்காங்களா?"

"எங்க அண்ணன்" என்றான் அர்த்தநாரி. "இருவத்தாறு வயசுல போயிட்டான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அர்த்தநாரி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அண்ணன் கிடையாது. கூடப்பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள் மட்டும். இல்லீங்க, தப்பாச் சொல்லிட்டேன் என்று சொல்ல நாக்கைத் தூக்கினான். சொல் வரவில்லை.

மார்பில் சில்லென்ற பசையைத் தடவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பேப்பரில் கோடு ஒழுங்காகத்தான் வந்தது.

"இப்ப நல்லா இருக்குது" என்றார் டாக்டர். "ஆனா இது எடுத்த அந்த நிமிஷத்தைத்தான் காட்டும். நீங்க சொல்றதையெல்லாம் பார்த்தா விட்டுட்டு உக்காரக் கூடாது. நாளைக்கே கோயமுத்தூர் போயி எக்கோ பாருங்க, இருபத்துநாலு மணி நேரம் உடம்புல மாட்டி வைக்கற மெஷின் ஒண்ணு இருக்குது, அதையும் போட்டுப் பாருங்க. அதுக்குள்ள மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தா, மூச்சு வாங்குனா, படபடப்பு நிக்காம ஓடுனா, என்ன வேலையா இருந்தாலும் போட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும். அரை மணி பார்க்கலாம், ஒரு மணி பார்க்கலாம்னு இருக்கக் கூடாதுங்க."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று வெளியே வரும்போதே முடிவு செய்திருந்தான்.

செவ்வாயும் புதனும் ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், யாரிடமும் காரணம் சொல்லாமல், நல்லானைக் கூப்பிட்டு இருபத்திரண்டாம் மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிடச் சொன்னான். நல்லான் குனிந்து பிளக்கை இழுத்தான்.

இருட்டு.

கூரையும் ட்யூப்லைட்டும் எங்கோ போய்விட்டன. முட்டி தரையில் மோதிய வலி மட்டும் தெரிந்தது. நெஞ்சு இருந்த இடத்தில் எதுவும் இல்லை. அடி இல்லை, ஓட்டம் இல்லை, மூடிய அறைபோல ஒரு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "போடு. திருப்பிப் போடு."

"என்னங்க ஆச்சு?"

"போடுடா!"

பிளக் உள்ளே இறங்கியது. நெஞ்சில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. வெளிச்சம் திரும்பி வந்தது. இரண்டாவது வரிசை முழுவதும் தைத்துக்கொண்டே இருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான். "நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கன்டெய்னர் வருதுங்க அர்த்தநாரி. நீங்க இல்லீன்னா அங்க யாரு பார்ப்பா? அதை அனுப்பிச்சுட்டு நிம்மதியாப் போங்க" என்றார் அவர். அர்த்தநாரி வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கே போகப் பயமாக இருந்தது. கோயமுத்தூரில் ஏதோ ஒரு கட்டிலில் அவன் படுத்திருக்கும்போது இங்கே யாராவது மெயினை அணைத்துவிட்டால்? அன்று ராத்திரி வாட்ச்மேனிடம் மெயினை அணைக்கவே கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே மழை இருட்டு ஹாலுக்குள் இறங்கிவிட்டது. கடைசி லாட், குழந்தைகள் டி‑ஷர்ட், இளமஞ்சள். ஒவ்வொரு டெய்லர் பக்கத்திலும் இருந்த கட்டுகள் கரைந்துகொண்டே வந்தன. வழக்கமாக இந்த நேரத்தில் அவன் மனசு குளிரும். இன்று ஒவ்வொரு கட்டு தீரும்போதும் விரல்நுனி மரத்தது. காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. கண்ணோரத்தில் கறுப்பு வந்துவந்து போனது. வாசலில் கம்பெனி வேன் நின்றது. டிரைவர் உள்ளேயே இருந்தான். ஏறி உட்கார்ந்தால் போதும். நானூறு பீஸ்தான் பாக்கி. அரை மணி நேரம்தான்.

ஒரு டெய்லர் தன் கட்டை முடித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். அவன் நெஞ்சில் ஒரு துடிப்பு குறைந்தது.

இன்னொருத்தி நிறுத்தினாள். இன்னொன்று.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லோரும் முடித்துவிடுவார்கள்.

"மெதுவா" என்றான். பதினெட்டு வருஷத்தில் அந்த ஹாலில் அவன் சொல்லாத வார்த்தை. "மெதுவா அடிங்க. அவசரமில்ல."

ஒருவரும் திரும்பவில்லை. ஊசிகளின் வேகம் கூடியதுபோலத்தான் இருந்தது. அவன் மேஜைகளைப் பிடித்துப்பிடித்து இரண்டாவது வரிசைக்கு வந்தான். "நதியா, நிறுத்திராத. மெல்ல அடி."

"நீங்கதான சார் கன்டெய்னர் வருதுன்னு சொன்னீங்க" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவ எங்கிட்டச் சொன்னா" என்றான். மூச்சு துண்டுதுண்டாக வந்தது. "மூணு தடவை. நான்தான் விடல."

"எனக்குத் தெரியும். மூக்கையா அண்ணன்ட்டச் சொல்லுங்க."

"சொல்றேன். நாளைக்கே சொல்றேன்."

அவள் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பார்த்தாள். பிறகு அடுத்த பீஸை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

அவன் விழுந்தது பெரிய சத்தமில்லாமல் நடந்தது. துணிக்கட்டுகளுக்கு நடுவில் சரிந்து, கன்னம் குளிர்ந்த சிமென்ட்டில் பட்டது. பஞ்சுத்தூசி மூக்கில் ஏறியது. கூப்பிட்டான். குரல் உதட்டைத் தாண்டவில்லை. மேலே மெஷின் சத்தம் அந்த ஹாலையே மூடியிருந்தது.

தரையோடு கிடந்தவன் கண்ணுக்கு மேஜைகளின் அடிப்பக்கம் தெரிந்தது. கால்கள். வரிசைவரிசையாக வெறுங்கால்கள். மெட்டி போட்டவை, பித்தவெடிப்பு விட்டவை, மருதாணி அழிந்தவை. அவ்வளவும் பெடலில். எல்லாம் ஒன்றாக அமுங்கின. நெஞ்சு அடித்தது. ஒன்றாக எழும்பின. நின்றது. அமுங்கின. அடித்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு கால் பெடலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடியது.

பிறகு அதன் பக்கத்துக் கால்.

வரிசை வரிசையாக. கட்டு தீர்ந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. யாரோ கொட்டாவி விட்டார்கள். யாரோ டிபன் பாக்ஸை எடுத்தார்கள். அவன் பக்கம் ஒருவரும் குனியவில்லை.

முதல் வரிசை முடிந்தது. அடி பலவீனமானது. தூரத்தில் விழுந்தது.

நதியாவின் கால் கடைசி. அமுக்கியது. அமுக்கியது. நின்றது. கால் விலகியது.

ஹால் அமைதியானது.

அவன் செத்துவிடவில்லை. ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். கழுத்தைத் திருப்பவே தேவையிருக்கவில்லை. முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், போர்த்திய துணியின் ஓரத்துக்குக் கீழே அந்தப் பெடல் இருந்தது. அதன்மேல் ஒரு கால். நீலம் பாய்ந்த நகங்கள். கணுக்காலில் ஈரம். ஊசியிலிருந்து வெள்ளை நூல்சடை ஒன்று நெளிந்து நெளிந்து இறங்கி, அந்தப் பாதத்தை மூடி, தரையில் ஊர்ந்து, அவன் உதட்டைத் தொட்டது. அவன் அசையவில்லை. இமைக்கவில்லை. அந்தக் கால் அமுங்கியிருக்கும்வரை அவனுக்கு உயிர் இருந்தது.

பெருவிரல் மெல்ல மேலே எழும்பியது.

பிறகு அதற்கு அடுத்த விரல்.